கையறுநிலைத் தீர்மானங்கள்: நைஜீரிய நாடாளுமன்றமும் பாதுகாப்பின்மையும்

1. அழுத செனட்டர்

2021 ஏப்ரல் 27 அன்று அபுஜாவில் நைஜீரியாவின் செனட் கூடியிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் நைஜர் மாநிலத்தின் ஆளுநர் (பக்கத்து நாடான நைஜர் அல்ல, நைஜீரியாவுக்குள்ளேயே அந்தப் பெயரில் இருக்கும் மாநிலம்) பத்திரிகையாளர்களிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தார். கௌரே என்ற ஊரில் போகோ ஹராம் ஆட்கள் தங்கள் கொடியை ஏற்றிவிட்டார்கள், அங்கிருந்து தலைநகருக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான் என்பது அந்தச் செய்தி. அம்மாநிலத்தின் செனட்டர் சானி மூசா இதை அவையில் எழுப்பினார். அதன்மேல் பேச எழுந்தவர்களில் ஒருவர் கோகி மேற்கின் உறுப்பினர் ஸ்மார்ட் அடேயமி.

அவர் ஆளுங்கட்சிக்காரர். அனைத்து முற்போக்காளர் காங்கிரஸ் எனப்படும் ஏ.பி.சி.யின் உறுப்பினர். 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு இப்படி ஒரு நிலையைக் கண்டதில்லை, வெளிநாட்டு உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பேசிக்கொண்டே வந்தவருக்குத் தொண்டை அடைத்தது. அவையிலேயே அழுதார். அப்போது அதே கட்சியைச் சேர்ந்த லாகோஸ் செனட்டர் ஒலுரெமி டினுபு குறுக்கிட்டார். நீங்கள் என்ன, எதிர்க்கட்சியா? பசுத்தோல் போர்த்திய புலியா? கிட்டத்தட்ட இந்தப் பொருளில்தான் அவர் கேட்டது. காணொளியாக அது நாடெங்கும் பரவியது. 2023-ல் ஒலுரெமியின் கணவர் போலா டினுபு அதிபரானார்.

அடேயமியின் கண்ணீர் உண்மையானதா, நாடகமா என்ற கேள்விக்குள் நான் போகப் போவதில்லை. அதை அளக்கக் கருவி இல்லை. அந்தக் குறுக்கீடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மக்கள் பாதுகாப்பைப் பற்றி ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அரசை நெருக்கிப் பேசினால், சொன்னது உண்மையா என்று கேட்பதற்கு முன்னால், நீ எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்கிறார்கள். ஆயுதக் குழுக்களிடமிருந்து மக்களைக் காக்கும்படி நிர்வாகத்தை நிர்ப்பந்திக்க நைஜீரிய நாடாளுமன்றத்தால் ஏன் முடியவில்லை என்பதை ஆராய முற்படும் இக்கட்டுரை, அந்தக் குறுக்கீட்டிலிருந்தே தொடங்குகிறது.

2. எழுவாய் இல்லாத ஒரு சொல்

நைஜீரியப் பத்திரிகைகளிலும் அவைப் பேச்சிலும் இருபது ஆண்டுகளாக ஓயாமல் புழங்கும் சொல் 'பாதுகாப்பின்மை'. தமிழில் சொல்லும்போது அதன் இயல்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது. 'இன்மை' என்ற பின்பகுதி, ஒன்று இல்லை என்பதை மட்டும் சொல்லும். யார் பறித்தார், யாரிடமிருந்து பறித்தார் என்று சொல்லாது.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வன்முறைகள். வடகிழக்கில் 2009-ல் கிளர்ச்சியாக வெடித்த போகோ ஹராமும், 2016-ல் அதிலிருந்து பிரிந்த இஸ்லாமிய அரசின் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையும் அதில் ஒரு பகுதி. வடமேற்கில் மோட்டார் சைக்கிள்களில் வந்து ஊரைச் சூறையாடி, ஆட்களைக் கடத்திப் பணம் கறக்கும் கொள்ளைக் கும்பல்கள் இன்னொரு பகுதி. பெனுவே, பிளாட்டோ மாநிலங்களில் மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் இடையே நிலத்தையும் நீரையும் குறித்து நடக்கும் கொலைகள் உண்டு. தென்கிழக்கில் பியாஃப்ரா பிரிவினைக்காரர்களின் ஆணைக்கு அஞ்சித் திங்கட்கிழமைகளில் கடை அடைக்கும் ஊர்கள் உண்டு. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் எண்ணெய்க் குழாய்த் திருட்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. வடகிழக்குப் போர் ஒன்றினால் மட்டும், பசியாலும் நோயாலும் செத்தவர்களையும் சேர்த்து, 2020 முடிய ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு.

எழுவாய் இல்லாத சொல்லை வைத்து அவையில் தீர்மானம் கொண்டுவருவது எளிது. தீர்மானத்தின் வடிவமும் அதற்கேற்பப் படிந்துவிட்டது. தொகுதியில் ஒரு தாக்குதல் நடந்திருக்கும். நம்மூர்க் கவன ஈர்ப்புத் தீர்மானம் போல, அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயம் என்று உறுப்பினர் அதை எழுப்புவார். ஊரின் பெயரையும் இறந்தோர் தொகையையும் எரிந்த வீடுகளையும் வாசிப்பார். அதன் பிறகு கோரிக்கைப் பகுதி வரும். அதற்கு அங்கே வழங்கும் பெயர் 'பிரார்த்தனைகள்'. இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம், அவசரகால மேலாண்மை முகமை நிவாரணப் பொருள் அனுப்ப வேண்டும், காவல் துறைத் தலைவர் கூடுதல் ஆட்களை அனுப்ப வேண்டும், அந்த வட்டாரத்தில் ராணுவ முகாம் அமைக்க வேண்டும். குரல் வாக்கெடுப்பில் எல்லாம் நிறைவேறும். எதுவும் எவரையும் கட்டுப்படுத்தாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. புரவலன் மாய்ந்தபின் அவனை நம்பி வாழ்ந்தவர்கள் செய்வதறியாது அரற்றும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். நைஜீரிய அவைகளின் பாதுகாப்புத் தீர்மானங்கள் பெரும்பாலும் அந்தத் துறைக்குள்தான் வருகின்றன. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அரற்றியவர்கள் பாணர்களும் புலவர்களும். அவர்களுக்குப் பாட்டைத் தவிர வேறு கருவி இல்லை. இங்கே அரற்றுகிறவர்களிடம் வரவு செலவுத் திட்டம் இருக்கிறது, நியமனங்களை ஏற்கவும் தள்ளவும் உரிமை இருக்கிறது, அதிபரையே பதவியிலிருந்து இறக்கும் பிரிவும் இருக்கிறது.

3. இரண்டு விளக்கங்கள்

இந்தக் கையறுநிலைக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது சட்டம் சார்ந்தது. 1999-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் படைகளையும் காவலையும் அதிபர் ஒருவரின் கையில் குவித்துவிட்டது, எனவே அவைகளால் கூக்குரல் இடத்தான் முடியும் என்பது அது. இரண்டாவது, தெருவில் கேட்கும் விளக்கம்: இவர்கள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், பேசுவது வாக்குக்காக. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. முதலாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசியல்வாதிகளே விரும்பி மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

அரசமைப்பின் 14-ஆம் பிரிவு, மக்களின் பாதுகாப்பும் நலனுமே அரசின் முதன்மை நோக்கம் என்கிறது. அழகான வாசகம்தான், ஆனால் அது அமைந்திருப்பது இரண்டாம் அத்தியாயத்தில். அந்த அத்தியாயத்தை வைத்து நீதிமன்றம் போக முடியாதபடி 6-ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது. 214-ஆம் பிரிவின்படி நாடு முழுமைக்கும் ஒரே காவல் படைதான். மாநில ஆளுநர் நம்மூர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம்மூர் முதல்வரின் இடத்தில் இருப்பவர். மாநிலத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி என்று அவரை அழைப்பார்கள். ஆனால் அவர் இடும் ஆணையை, அதிபரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மாநிலக் காவல் ஆணையர் நிறுத்தி வைக்க 215-ஆம் பிரிவு இடம் தருகிறது. 218-ஆம் பிரிவு, படைகளை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்ற அதிகாரத்தை முப்படைகளின் தலைவரான அதிபருக்கு அளிக்கிறது.

இந்த 218-ஆம் பிரிவுதான் 2020 டிசம்பரில் கேடயமானது. நவம்பர் 28 அன்று போர்னோ மாநிலத் தலைநகர் மைதுகுரியை ஒட்டிய சபர்மாரிப் பகுதியில், நெல் அறுத்துக்கொண்டிருந்த உழவர்களைப் போகோ ஹராம் கூட்டம் பிடித்துக் கட்டிக் கழுத்தை அறுத்தது. மறுநாள் 43 உடல்களை அடக்கம் செய்தபோது ஆளுநர் பாபகானா சூலும் அங்கே நின்றிருந்தார். இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்றது ஐ.நா. டிசம்பர் 1 அன்று போர்னோ உறுப்பினர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின் மேல், அதிபர் முகம்மது புகாரி நேரில் வந்து விளக்க வேண்டும் என்று கீழவையான பிரதிநிதிகள் அவை முடிவு செய்தது. வருவதாக ஒப்புக்கொண்டார் என்று அவைத் தலைவர் ஃபெமி பஜாபியாமிலா அறிவித்தார். நாளும் நெருங்கியது. அதற்குச் சற்று முன்னால் சட்ட அமைச்சரும் அரசின் தலைமை வழக்கறிஞருமான அபுபக்கர் மலாமி ஓர் அறிக்கை விட்டார்: படைகளின் செயல்பாடு பற்றி அதிபரை வரவழைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. புகாரி வரவில்லை.

மலாமியின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்? அதே 218-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அதிபரின் அந்த அதிகாரங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு உரிமை தருகிறது. சட்டங்களைச் செயல்படுத்தும் பொறுப்பும் பணத்தைச் செலவிடும் பொறுப்பும் உள்ள எவரையும் விசாரிக்க 88-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த விசாரணைக்காக நைஜீரியாவில் உள்ள எந்த நபரையும் அழைக்க 89-ஆம் பிரிவு வழி செய்கிறது. 'எந்த நபரும்' என்பதில் அதிபர் அடக்கமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். என் வாசிப்பில், நாளைய தாக்குதல் திட்டத்தைச் சபையில் விரிக்கும்படி கேட்க முடியாது, நேற்றைய தோல்விக்குக் கணக்குக் கேட்கலாம். ஆனால் மலாமியின் அறிக்கைக்குப் பிறகு அவை என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். தன் அழைப்பை வலியுறுத்தி அடுத்த அடியை அது எடுத்து வைக்கவில்லை.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு தேவை. விடுதலைக்குப் பின் வந்த முதல் குடியரசில் நைஜீரியா பிரிட்டிஷ் முறையில்தான் இயங்கியது. பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா அவையின் உறுப்பினர். கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர். 1966 ஜனவரி ராணுவப் புரட்சியில் அவர் கொல்லப்பட்டார். 1979-ல் மக்களாட்சி திரும்பியபோது அமெரிக்க அதிபர் முறையை நாடு தேர்ந்துகொண்டது. அமைச்சர்கள் அவையை விட்டு வெளியேறினார்கள். நம் நாடாளுமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அரசைத் தட்டிக் கேட்பது என்றால் எதிர் வரிசையில் இருக்கும் அமைச்சரைப் பார்த்துக் கேட்பது. நைஜீரியச் செனட்டருக்கு எதிர் வரிசை என்று ஒன்று கிடையாது. தன்னைப் போன்ற செனட்டர்களைப் பார்த்துத்தான் அவர் பேச வேண்டும்.

4. கருவிகள் வெளியே எடுக்கப்பட்டபோது

சட்டம் கையைக் கட்டிவிட்டது என்ற விளக்கத்தைச் சோதிக்க நல்ல வழி, நாடாளுமன்றம் தன் கருவிகளை உண்மையிலேயே கையில் எடுத்த தருணங்களைப் பார்ப்பது.

2014 நவம்பர் 20-ல் நடந்ததை யாரும் மறக்க முடியாது. போர்னோ, யோபே, அடமாவா மாநிலங்களில் 2013 மே மாதம் அன்றைய அதிபர் குட்லக் ஜொனாதன் நெருக்கடி நிலை அறிவித்திருந்தார். 305-ஆம் பிரிவின்படி அதற்கு இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். மீண்டும் நீட்டிப்புக் கேட்டு அவர் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொள்ளப் பிரதிநிதிகள் அவை கூடும் நாளில், எதிர்க்கட்சிக்குத் தாவியிருந்த அவைத் தலைவர் அமினு தம்புவாலை உள்ளே விடாமல் காவல் துறை வாயிலை மறித்தது. உறுப்பினர்கள் பூட்டிய இரும்புக் கதவின் மேல் ஏறிக் குதித்தார்கள். அகலமான அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கம்பிகளில் கால் வைத்து ஏறும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் படம் உலகெங்கும் போனது. உள்ளே கண்ணீர்ப் புகைக் குண்டு வீசப்பட்டது. நீட்டிப்பு கிடைக்கவில்லை, நெருக்கடி நிலை காலாவதியானது. ஆனால் படைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 218-ஆம் பிரிவு இருக்கும்போது படையை நிறுத்த நெருக்கடி நிலை எதற்கு? இந்தச் சான்று முதல் விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தின் கதை வேறு மாதிரியானது. 2014 செப்டம்பரில் ஆயுதம் வாங்க 100 கோடி டாலர் கடனுக்குச் செனட் ஒப்புதல் தந்தது. அடுத்த ஆண்டே, ஆயுதக் கொள்முதல் என்ற பெயரில் சுமார் 200 கோடி டாலர் திசைமாறிப் போனதாக முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் சம்போ தசுகி மீது வழக்குப் பாய்ந்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஒப்புதல் தருவதில் காட்டிய வேகத்தைக் கணக்குக் கேட்பதில் செனட் காட்டவில்லை. 2018-ல் நிர்வாகம் ஒப்புதல் கேட்கவே இல்லை. அமெரிக்காவிடமிருந்து 12 சூப்பர் டுகானோ போர் விமானங்கள் வாங்க 49.6 கோடி டாலரைப் புகாரி அரசு பிப்ரவரியில் செலுத்திவிட்டு, ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. பொதுப் பணத்தில் ஒரு காசு எடுப்பதற்கும் அவையின் அனுமதி வேண்டும் என்ற விதியை இது நேராக மீறுகிறது. 143-ஆம் பிரிவின்படி அதிபரைப் பதவி நீக்க வேண்டும் என்று செனட்டில் குரல் எழுந்தது. விஷயம் குழுவுக்குப் போனது. குழுவுக்குப் போன விஷயங்கள் எங்கே போய் முடியும் என்று நமக்கும் தெரியும். 2021 ஜூலையில் விமானங்கள் வரத் தொடங்கின.

மாநில ஆளுநர்களும் கூட்டாட்சி அமைப்புகளும் 'பாதுகாப்பு ஒதுக்கீடு' என்ற பெயரில் கணக்கில்லாமல் எடுக்கும் ரொக்கம் ஆண்டுக்கு 67 கோடி டாலருக்கு மேல் என்று டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2018-ல் மதிப்பிட்டது. 2025-க்கான பட்ஜெட்டில் டினுபு பாதுகாப்புக்கு முன்மொழிந்தது 4.91 லட்சம் கோடி நைரா. பணத்தின் சாவி அவையிடம் இருக்கிறது. அதைத் திருகி நிறுத்திய ஒரு நிகழ்ச்சியை நான் தேடிப் பார்த்தேன். சொல்லும்படியாக எதுவும் அகப்படவில்லை.

நியமன அதிகாரம் பற்றிய கதைதான் எல்லாவற்றிலும் கசப்பானது. படைத் தளபதிகளைச் செனட்டின் ஒப்புதலின்றி அதிபர் நியமிப்பது செல்லாது என்று அபுஜாவின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருந்தது. வழக்குத் தொடுத்தவர் ஃபெஸ்டஸ் கேயாமோ என்ற வழக்கறிஞர். செனட்டுக்கு அதன் உரிமையை வாங்கித் தந்தவர் செனட்டர் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. 2015-ல் புகாரி அமர்த்திய தளபதிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நகரவில்லை. அவர்கள் விலக வேண்டும் என்று செனட் 2020 ஜூலையில் தீர்மானம் போட்டது. நியமிப்பதும் நீக்குவதும் அதிபரின் விருப்பம் என்று பதில் வந்தது. சபர்மாரிக்குப் பிறகு டிசம்பரில் மறுபடியும் தீர்மானம் போட்டது. 2021 ஜனவரி 26-ல் நால்வரும் போனார்கள். சில நாள்களிலேயே அந்த நால்வரையும் தூதர்களாக அனுப்பப் புகாரி பரிந்துரைத்தார். பிப்ரவரி 23-ல் செனட் அதை ஏற்றது. நாட்டைக் காக்கத் தகுதியற்றவர்கள் என்று எந்த அவை சொன்னதோ, அதே அவை வெளிநாட்டில் நாட்டின் முகமாக இருக்க அவர்களைத் தகுதியானவர்கள் என்றது. இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இங்கே சட்டம் கையைக் கட்டவில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் போதுமாக இருந்தது.

2022-ன் கெடுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூலை 5 அன்று அபுஜாவின் குஜே சிறை தாக்கப்பட்டு நூற்றுக்கணக்கான கைதிகள் தப்பினார்கள். அதே நாளில் அதிபரின் பயணத்துக்கு முன்னேற்பாடாகச் சென்ற வாகன அணியும் கட்சினாவில் தாக்கப்பட்டது. ஜூலை 27 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பிலிப் அடுடா இதை விவாதிக்கக் கேட்டார். செனட் தலைவர் அகமது லவான் இடம் தரவில்லை. எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்து, ஆறு வாரத்துக்குள் பாதுகாப்பைச் சீர்செய்யாவிட்டால் பதவிநீக்கம் என்று கெடு வைத்தார்கள். அதே நாளில் செனட் ஆண்டு விடுமுறைக்காகச் செப்டம்பர் 20 வரை ஒத்திவைக்கப்பட்டது. கெடு முடிந்த நாளில் அவையில் ஆளே இல்லை.

5. கொறடாவின் கதை

மேலே சொன்னவற்றைப் பார்த்துவிட்டு, தெருவின் விளக்கமே சரி, எல்லாம் வேடம் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கே நிற்க முடியாமல் தடுப்பது அலி என்டுமேயின் கதை.

என்டுமே போர்னோ தெற்கின் செனட்டர். 2003-ல் கீழவைக்கும் 2011-ல் செனட்டுக்கும் போனவர். அவருடைய தொகுதிக்குள்தான் சிபோக் இருக்கிறது. 2014 ஏப்ரல் 14 இரவில் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளைப் போகோ ஹராம் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போன ஊர் அது. அவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் பத்தாண்டு நிறைந்தபோதும் திரும்பவில்லை. அவருடைய சொந்த ஊரான குவோசாவும் அந்தத் தொகுதியில்தான். 2014 மே மாதம் குவோசாவின் மரபுவழித் தலைவரான எமிர் வழியில் மறித்துக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ஊரைப் பிடித்த போகோ ஹராம் அதையே தன் 'கலிபா ஆட்சி'யின் தலைமையிடமாக அறிவித்தது. 2015 மார்ச் இறுதியில், தேர்தலுக்கு முந்தைய நாள், ராணுவம் அதை மீட்டது.

இவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 2011-ல் போகோ ஹராமுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் கைதாகி, ஆறு ஆண்டு வழக்கு நடத்தி, 2017 ஜூலையில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் செனட்டின் ஆளுங்கட்சித் தலைவர் பதவியை இழந்து, பிறகு ஆறு மாதம் இடைநீக்கமும் செய்யப்பட்டவர். அது உட்கட்சிச் சண்டையின் விளைவு. பின்னர் செனட்டின் ராணுவக் குழுவுக்குத் தலைவரானார். வீரர்களிடம் போதிய ஆயுதம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். தளபதிகளை விலகச் சொன்ன 2020 ஜூலைத் தீர்மானத்தின் பின்னாலும் அவர் இருந்தார்.

2024-ல் அவர் செனட்டின் தலைமைக் கொறடா. ஜூன் 29 அன்று குவோசாவில் ஒரு திருமணத்திலும், மருத்துவமனையிலும், இழவு வீட்டிலும் அடுத்தடுத்துத் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஜூலையில் பேட்டிகளில் என்டுமே மனம் திறந்தார். நாட்டில் பசியும் பாதுகாப்பின்மையும் சேர்ந்து மக்களை வதைக்கின்றன, நடப்பது அதிபருக்குத் தெரியாதபடி அவரைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், அமைச்சர்கள்கூட அவரைப் பார்க்க முடிவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். ஜூலை 17 அன்று ஏ.பி.சி. தலைமையின் கடிதம் செனட்டில் வாசிக்கப்பட்டது. அவரைக் கொறடா பதவியிலிருந்து நீக்கும்படியும், விருப்பமான எதிர்க்கட்சியில் அவர் சேர்ந்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. செனட் தலைவர் காட்ஸ்வில் அக்பாபியோ குரல் வாக்கெடுப்பு நடத்தினார். பதவி போனது. நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் துணைத் தலைவர் பொறுப்பும் போனது. சுற்றுலாக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். போர்னோ தெற்கின் உறுப்பினருக்குச் சுற்றுலா! அவர் ஏற்கவில்லை. புதிய கொறடாவும் போர்னோக்காரர்தான், வடக்குத் தொகுதியின் தாஹிர் மொங்குனோ.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 ஜனவரி 29 அன்று, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் எனின்னயா அபரிபே செனட்டிலேயே எழுந்து, இந்த அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்று பேசினார். என்டுமே சொன்னதைவிடப் பல மடங்கு கடுமையான பேச்சு அது. அதிபர் மாளிகை ஏளனமாகப் பதில் சொன்னது. அபரிபேயின் பதவிக்கு அவையில் எந்தச் சேதமும் வரவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்குப் புலப்படுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினரின் சொல்லுக்கு விலை இல்லை, ஏனென்றால் அதற்குப் பலனும் இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரின் சொல்லுக்கு விலை உண்டு. வெறும் வேடம் என்றால் தண்டனை எதற்கு? அடேயமியை நோக்கி 2021-ல் கேட்கப்பட்ட கேள்விக்கும், 2024-ல் என்டுமேக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கும் உள்ளடக்கம் ஒன்றுதான்: நீ எந்தப் பக்கம்? 109 பேர் கொண்ட செனட்டில் பெரும்பான்மையிடம் இல்லாத கருவி எதுவும் இல்லை. பெரும்பான்மைக்குள்ளிருந்து அந்தக் கருவியைத் தொட நீளும் கையைத் தட்டிவிட்டது அதிபரும் அல்ல, 218-ஆம் பிரிவும் அல்ல. பக்கத்து இருக்கைக்காரர்கள்தான். அடுத்த தேர்தலுக்கான கட்சிச் சீட்டு, குழுத் தலைமை, தொகுதித் திட்டங்களுக்கான ஒதுக்கீடு எல்லாம் கட்சித் தலைமை வழியாகவும் அவைத் தலைமை வழியாகவும் வருபவை. இரண்டு தலைமையும் அதிபரின் தயவில் நிற்பவை.

இந்த வாசிப்புக்கு ஓர் ஆட்சேபம் எழலாம். என்டுமே நீக்கப்பட்டது பாதுகாப்பைப் பற்றிப் பேசியதற்காக அல்ல, அதிபரைத் தனிப்பட்ட முறையில் தாக்கியதற்காக என்பார்கள். ஏ.பி.சி.யின் நிலைப்பாடும் அதுவே. ஆனால் படையும் காவலும் ஒரே ஆளின் கையில் என்று சட்டமே எழுதி வைத்திருக்கும் நாட்டில், அந்த ஆளைத் தொடாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது எப்படி? மிஞ்சுவது ஒரு நிமிட மௌனமும் நிவாரணப் பொருளும்தான்.

6. மெய்க்காவலர்கள்

நாடாளுமன்றத்தால் மட்டுமே தொடங்கி வைக்கக்கூடிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. 214-ஆம் பிரிவைத் திருத்தி மாநிலங்களுக்குத் தனிக் காவல் படை அமைக்க வழிவிடுவது அது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், 36 மாநிலச் சட்டமன்றங்களில் 24-ன் ஒப்புதலும் வேண்டும். 2024 பிப்ரவரியில் அதற்கான மசோதா கீழவையில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. எதிர்ப்பவர்களின் அச்சமும் வெறும் சாக்கு அல்ல. முதல் குடியரசில் வட்டார ஆட்சிகளின் காவலர்கள் எதிர்க்கட்சிக்காரர்களை அடித்து நொறுக்கியது பலருக்கும் நினைவிருக்கிறது. இன்றைய ஆளுநர்கள் அன்றையவர்களைவிடச் சாதுக்கள் என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். என்றாலும் ஆயுதம் ஏந்திய ஊர்க்காவல் குழுக்கள் வடக்கிலும் தெற்கிலும் ஏற்கெனவே பெருகிவிட்ட நிலையில், சட்டத்துக்கு உட்பட்ட மாநிலக் காவலா, சட்டத்துக்கு வெளியே இருக்கும் துப்பாக்கிகளா என்பதாகத் தேர்வு சுருங்கிவிட்டது. முதலாவதே மேல் என்பது என் கருத்து.

2025 நவம்பரில் இந்த விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. 17-ஆம் தேதி கெப்பி மாநிலத்தின் மாகா ஊரில் 25 மாணவிகளும், 21-ஆம் தேதி நைஜர் மாநிலத்தின் பாபிரியில் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளும் ஆசிரியர்களும் கடத்தப்பட்டார்கள். டினுபு பாதுகாப்பு நெருக்கடி நிலை அறிவித்தார். மாநிலக் காவலுக்கான சட்ட வேலையைத் தொடங்கும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். முக்கியப் புள்ளிகளுக்கு மெய்க்காவலாக நிற்கும் காவலர்களைத் திரும்பப் பெற்றுக் காவல் பணிக்கு அனுப்பவும் ஆணையிட்டார். அந்த ஆணையின் எடையை அறிய ஓர் எண் உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புகலிட முகமை அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, நைஜீரியாவில் சுமார் 3,71,800 காவலர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அரசியல்வாதிகளையும் பிரமுகர்களையும் காத்துக்கொண்டிருந்தார்கள். காக்கப்படாத மக்கள்தொகை இருபது கோடிக்கு மேல்.

டிசம்பரில் பௌச்சி மத்தியத் தொகுதியின் செனட்டர் அப்துல் நின்கி அவையில் எழுந்து ஒரு குறையைச் சொன்னார். தன்னிடம் இருந்த ஒரே காவலரையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் அமைச்சர்களும் தொழிலதிபர்களும் இன்னும் காவலர் படையோடுதான் போகிறார்கள், எடுப்பதானால் எல்லோரிடமும் எடுக்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். அவையை நடத்திக்கொண்டிருந்த துணைத் தலைவர் பாராவ் ஜிப்ரின், செனட்டின் தலைமை இதைக் கவனித்து வருகிறது, உறுப்பினர்களுக்கு மட்டும் காவலரைத் திரும்ப அளிக்கக் கேட்டிருக்கிறோம் என்று பதில் சொன்னார்.